ஜிங்க் ஆக்சைடு நானோ துகள் ஏன் பச்சையாக ஒளிர்கிறது?

வடசென்னையில் தொண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் எம்.எஸ்சி. பிசிக்ஸோ கெமிஸ்ட்ரியோ படிக்கிற பிள்ளைகளிடம் புராஜெக்ட் என்னவென்று கேட்டால் "ஜிங்க் ஆக்சைடு நானோ" என்ற பதில் அடிக்கடி வரும். காரணம் புரிகிறது. சாமான் விலை குறைவு, பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளிலேயே கிடைக்கும், பெரிய மெஷின் எதுவும் இல்லாமல் காலேஜ் லேபிலேயே வெள்ளைப் பொடி கைக்கு வந்துவிடும், அப்புறம் இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் ஒளிரவும் செய்யும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏன் ஒளிர்கிறது என்று கேட்டால் "நானோ சைஸ்ல இருக்குல்ல சார், குவாண்டம் எஃபெக்ட்" என்று சொல்லிவிடுகிறார்கள். ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதுகிறார்கள், யூடியூபிலும் அப்படியே பேசுகிறார்கள், இலைச் சாற்றில் செய்த நானோவுக்கு மூலிகைச் சக்தி உண்டு என்பதுவரை பேச்சு போய்விடுகிறது.

அந்தப் பதில் பெரும்பாலான நேரம் தப்பு. பொடி ஒளிர்வதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன, அந்தக் காரணங்கள் பொடியைச் செய்த விதத்தில் இருக்கின்றன. எந்தச் சூட்டில் வைத்தோம், எந்தத் தண்ணீரில் கழுவினோம் என்பதெல்லாம் கடைசியில் நிறத்தில் தெரிந்துவிடும். செய்முறையை ஒரு அத்தியாயமாகவும் ஒளியை இன்னொரு அத்தியாயமாகவும் பிரித்துப் படிப்பதால்தான் இது புரியாமல் போகிறது என்று நினைக்கிறேன், அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு அறிவியல் நினைவிருந்தால் போதும்.

## மெட்டல் ஆக்சைடு புதுச் சரக்கு இல்லை

உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் மெட்டல் ஆக்சைடு. இரும்பில் பிடிக்கும் துரு அந்த வகைதான். சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. வேர்க்குருவுக்குத் தடவும் ரோஸ் நிற கேலமைன் லோஷனில் ஜிங்க் ஆக்சைடு இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி அப்புறம் டயருக்குப் போன எம்.ஆர்.எஃப். கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த டயர் ரப்பரை கந்தகத்தோடு சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கும்போது வேகத்தைக் கூட்டுவதற்குச் சேர்ப்பதும் இதே ஜிங்க் ஆக்சைடுதான்.

நானோ என்பது அளவைச் சொல்வது. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஒரு துகள் 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருந்தால் நானோ துகள் என்கிறார்கள்.

இவ்வளவு சின்னதாக்கினால் என்ன மாறுகிறது? முதலில் மாறுவது மேற்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டிக்கொண்டே போனால், பொருள் அதே அளவுதான், ஆனால் எல்லா முகங்களையும் கூட்டினால் 600 சதுர மீட்டர் வருகிறது. சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கும் மேல். மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் பிணைப்பு இருக்காது, அதனால் அங்கே ஒழுங்கு கெடுவது சுலபம். இதை நினைவில் வையுங்கள், பச்சை நிறத்துக்கு வரும்போது தேவைப்படும்.

## மாடிக்குப் படி இல்லாத வீடு

நம் பக்கத்தில் இன்னும் இருக்கும் பழைய ஒண்டிக்குடித்தன வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழ்தளம் முழுக்க ஆட்கள், நகர இடமில்லை. மேல்மாடி காலி. நடுவில் படி கிடையாது. மேலே போக வேண்டுமென்றால் ஒரே தாவலில் போக வேண்டும். பாதித் தாவல் தாவினால் மறுபடி கீழேதான்.

திடப்பொருளில் எலக்ட்ரான்கள் இப்படித்தான் இருக்கின்றன. கீழ்தளம் எலக்ட்ரான்கள் நிறைந்த ஆற்றல் பட்டை, மேல்மாடி காலியான ஆற்றல் பட்டை, நடுவில் எலக்ட்ரான் நிற்கவே முடியாத உயரம். அந்த உயரத்தைத்தான் பேண்ட் கேப் என்கிறோம். இரும்பு, செம்பு போன்ற உலோகங்களில் இந்த இடைவெளி இல்லை. ஜிங்க் ஆக்சைடில் இருக்கிறது, அதன் அளவு சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரான் வோல்ட் என்பது இவ்வளவு சின்ன ஆற்றலை அளக்க வைத்திருக்கும் அலகு, ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல்.

வெளியிலிருந்து ஒளி விழுந்தால் எலக்ட்ரான் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு மேலே தாவும். கீழே அது விட்டுப்போன காலி இடத்துக்குத் துளை என்று பெயர். மேலே போன எலக்ட்ரான் ரொம்ப நேரம் அங்கே இருக்காது, துளையைத் தேடி இறங்கிவிடும், இறங்கும்போது அந்த ஆற்றலை ஒளியாக வெளியே விடலாம். இப்படி ஒளியை வாங்கி ஒளியைத் திருப்பிக் கொடுப்பதுதான் போட்டோலூமினசென்ஸ், கிராஃபில் பி.எல். என்று போட்டிருப்பார்கள். வாங்கியதைத்தான் கொடுக்கிறது, தானாக எதையும் உண்டாக்குவதில்லை. விளக்கை அணைத்தால் கண் சிமிட்டுவதற்குள் இதுவும் அணைந்துவிடும். சுவிட்சைத் தேட ஒட்டும் இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் வேறு ரகம், அதில் இருக்கும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் எலக்ட்ரான்கள் நடுவில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

இதுவரை: எலக்ட்ரான் மேலே போக 3.3 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், இறங்கும்போது அது ஒளியாக வரலாம். இதில் துகளின் அளவைப் பற்றிய பேச்சே இன்னும் வரவில்லை.

## டார்ச் வாங்கும்போது எண்ணைப் பாருங்கள்

ஒளியின் ஆற்றலுக்கும் அலைநீளத்துக்கும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 1240-ஐ நானோமீட்டரில் சொன்ன அலைநீளத்தால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட் வரும். மேலே சொன்ன 3.3-க்குத் திருப்பிப் போட்டால் 376 நானோமீட்டர். அது புற ஊதா, கண்ணுக்குத் தெரியாது.

ஆன்லைனில் மலிவாக விற்கும் "யு.வி. டார்ச்" பெரும்பாலும் 395 நானோமீட்டர். 1240-ஐ 395-ஆல் வகுத்தால் 3.14 தான் வருகிறது, மாடியைத் தொடாது. அதைப் பொடியின் மேல் அடித்துவிட்டு "சார், ஒளிரவே இல்லை, பொடி கெட்டுப்போச்சு" என்பவர்கள் உண்டு. பொடி நன்றாகத்தான் இருக்கும். டார்ச்சிலிருந்து வரும் ஊதா வெளிச்சமே பொடியில் பட்டுத் திரும்புவதைப் பார்த்து ஒளிர்கிறது என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. 365 நானோமீட்டர் வேண்டும், அது 3.4 எலக்ட்ரான் வோல்ட், தாண்டிவிடும். கடைகளில் ரூபாய் நோட்டைப் பார்க்கும் மெஷினில் இருக்கும் கருநீலக் குழல் இந்த ரகம்தான். அதன் கீழே பளிச்சென்று நீலவெள்ளையாகத் தெரியும் புது வேட்டியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது துணியிலும் சோப்புத்தூளிலும் சேர்க்கும் வெளுப்பூட்டிச் சாயத்தின் வேலை, மெட்டல் ஆக்சைடுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 365 டார்ச்சைக் கண்ணுக்கு நேராக மட்டும் பிடிக்காதீர்கள். வெளிச்சம் மங்கலாகத் தெரிவதால் ஆபத்து இல்லை என்று தோன்றும், கண்ணுக்கு அது நல்லதில்லை.

## பச்சை எங்கிருந்து வருகிறது

கணக்குப்படி ஜிங்க் ஆக்சைடு தர வேண்டியது 376, 380 நானோமீட்டர் பக்கம் புற ஊதா. கண்ணுக்குத் தெரியவே கூடாது. ஆனால் தெரிகிறது, பச்சையாகவோ மஞ்சள் கலந்த பச்சையாகவோ. பி.எல். கிராஃபைப் பார்த்தால் 380 பக்கம் ஒரு குறுகிய பீக், 500-லிருந்து 550 வரை ஒரு அகலமான மேடு என்று இரண்டு இருக்கும். அந்த மேடுதான் நாம் பார்க்கும் பச்சை.

மறுபடி வீட்டுக்கு வருவோம். கீழ்தளத்துக்கும் மாடிக்கும் நடுவில் யாரோ ஒரு பரண் அடித்துவிட்டார்கள். இப்போது மேலிருந்து இறங்குபவர் ஒரே குதியில் கீழே வர வேண்டியதில்லை, பரணில் கால் வைத்து இறங்கலாம். ஒரே பெரிய இறக்கம் இரண்டு சின்ன இறக்கங்களாகிவிடுகிறது. பச்சை ஒளி 520 நானோமீட்டர் என்று வைத்தால் ஆற்றல் சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட், மீதி 0.9 வெப்பமாகப் போய்விடுகிறது.

படிகத்தில் அந்தப் பரணுக்குப் பெயர் குறைபாடு, டிஃபெக்ட். ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கலாம், ஜிங்க் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கலாம், ஜிங்க் அணு தன் இடத்தை விட்டு நடுவில் செருகிக்கொண்டிருக்கலாம், செம்பு மாதிரி வேறு உலோகம் துளியூண்டு கலந்திருக்கலாம். இதில் எது பச்சைக்குக் காரணம் என்று ஆராய்ச்சியாளர்களே பல பத்தாண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆக்சிஜன் காலியிடம் என்பது அதிகம் சொல்லப்படும் பதில், அது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லி ரிப்போர்ட் எழுதுவது சரியில்லை. குறைபாடுதான் என்பதில் பெரிய சண்டை இல்லை.

ஆக, பளிச்சென்ற பச்சை தெரிந்தால் பொடி சுத்தமாக வந்திருக்கிறது என்று அர்த்தம் எடுக்காதீர்கள். படிகம் ஒழுங்காக அமைந்தால் புற ஊதா பீக் உயரும், பச்சை மேடு தணியும். நானோ அளவில் மேற்பரப்பு அதிகம், மேற்பரப்பில் ஒழுங்கு கெடுவது சுலபம், அதனால் பச்சை கூடுகிறது. அளவுக்கும் நிறத்துக்கும் இருக்கும் தொடர்பு பெரும்பாலும் இந்தச் சுற்று வழியில்தான்.

## செய்முறை: வெல்டிங் புகையிலிருந்து பீக்கர் வரை

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளில் ஜி.ஐ. ஷீட்டை வெல்டிங் வைக்கும்போது கவனித்திருப்பீர்கள், சாதாரண இரும்பில் வராத ஒரு வெள்ளைப் புகை கிளம்பும், பக்கத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படியும். தகட்டின் மேல் பூசிய ஜிங்க் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகி, காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஜிங்க் ஆக்சைடாகிறது. ஆவியிலிருந்து உண்டாவதால் துகள் மிகவும் நுண்மையாக இருக்கும், அதில் நானோ அளவும் தாராளமாக உண்டு. தொழிற்சாலைகளில் ஜிங்க் ஆக்சைடு செய்யும் முக்கிய வழியான பிரெஞ்சு முறையும் இதேதான், ஜிங்கை ஆவியாக்கிக் காற்றில் எரிப்பது. அந்தப் புகையை நிறைய இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் மாதிரி வந்து ஓரிரு நாளில் போகும், உலோகப் புகைக் காய்ச்சல் என்பார்கள். லேபில் உலர்ந்த பொடியை மாஸ்க் இல்லாமல் அரைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

காலேஜ் லேபில் செய்வது ஈர வழி. ஜிங்க் அசிடேட்டைத் தண்ணீரில் கரைத்து, மேக்னடிக் ஸ்டிரரில் சுற்றவிட்டு, காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கண்ணாடி மாதிரி இருந்த திரவம் ஒரு கட்டத்தில் பால் மாதிரி வெளுக்கும். கரைசலில் கரையாமல் பிரிந்து வரும் இந்தத் திடப்பொருளுக்கு வீழ்படிவு என்று பெயர். அந்த வெளுக்கும் நேரம் முக்கியமானது. அப்போது கரைசலில் எங்கெங்கும் சின்னச் சின்ன விதைகள் உண்டாகின்றன. ஒரே நேரத்தில் நிறைய விதை உண்டானால் ஆளுக்குக் கொஞ்சம்தான் ஜிங்க் கிடைக்கும், துகள் சின்னதாக நிற்கும். விதை குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் கொழுத்துவிடும். சொட்டும் வேகம், சூடு, காரத்தன்மை எல்லாம் இதைத்தான் மாற்றுகின்றன. வளர்ச்சியை நிறுத்த பி.வி.பி. போன்ற பாலிமரைச் சேர்ப்பதும் உண்டு, அது துகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மேலே எதையும் சேரவிடாது.

அப்புறம் கழுவுவது. எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். வீழ்படிவோடு சோடியம் உப்பு ஒட்டியிருக்கும், டிஸ்டில்டு வாட்டரிலும் ஆல்கஹாலிலும் திரும்பத் திரும்பக் கழுவினால்தான் போகும். கேன் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் ஆகாது, அதில் உப்பு இருக்கிறது. வடசென்னை போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பக்கெட்டில் வெள்ளைப் படிவு கட்டும் தண்ணீர் அது. இரும்பு துளியூண்டு பொடிக்குள் போனாலே ஒளி மங்கிவிடும்.

கடைசியில் உலர்த்தி மஃபில் ஃபர்னஸ் என்கிற மூடிய மின் உலையில் 400, 500 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வைப்பார்கள். இதுதான் கேல்சினேஷன், காற்றில் சூடேற்றி ஈரத்தையும் கரிமப் பொருளையும் விரட்டிப் படிகத்தை ஒழுங்குபடுத்துவது. சூடு கூடக் கூட ஒழுங்கு கூடும், ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகவும் ஆகும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால், சூட்டை மாற்றியதும் நிறம் மாறினால் அது அளவால் மாறியதா ஒழுங்கால் மாறியதா என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இன்னொரு வழி எரிப்பு முறை. 1988-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கிங்ஸ்லியும் பாட்டீலும் அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் கரைத்து 500 டிகிரி ஃபர்னஸில் வைத்தார்கள். கலவை நுரைத்துப் பொங்கித் தானே பற்றி எரிந்து, சில நிமிடத்தில் லேசான ஆக்சைடு நுரையாக நின்றது. நைட்ரேட் ஆக்சிஜன் தருகிறது, யூரியா எரிபொருள். ஒளிரும் ஆக்சைடுகள் செய்ய இன்று உலகம் முழுக்க இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

## இலைச் சாறு என்ன செய்கிறது

வேப்பிலை, செம்பருத்தி, துளசி என்று எதையாவது கொதிக்க வைத்து அதில் நானோ செய்வது நம்மூர் புராஜெக்டுகளில் ரொம்பப் பிரபலம். ரிப்போர்ட்டில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: "இலையில் உள்ள பொருட்கள் ஜிங்க் அயனியை ஒடுக்கம் செய்கின்றன." வெள்ளிக்கு அது சரி, வெள்ளி அயனி எலக்ட்ரானை வாங்கி உலோக வெள்ளியாகிறது. ஜிங்க் ஆக்சைடுக்கு அது பொருந்தாது. அசிடேட்டில் ஜிங்க் இரண்டு நேர்மின்னூட்டத்தோடு இருக்கிறது, ஆக்சைடிலும் அதே இரண்டோடுதான் இருக்கிறது. ஒடுக்கம் எதுவும் நடக்கவில்லை, வெள்ளி நானோ பற்றிய ஆய்வுக் கட்டுரையில் இருந்த வரியை அப்படியே எடுத்து எழுதியதால் வந்த வினை.

இலைச் சாற்றில் இருக்கும் பாலிபீனால் போன்றவை ஜிங்க் அயனியைப் பிடித்துக்கொள்ளும், துகளைச் சுற்றி ஒட்டி வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும், அது உண்மையான வேலை. ஜிங்க் நைட்ரேட்டோடு சாற்றைச் சேர்த்து ஃபர்னஸில் வைத்தால் மேலே சொன்ன எரிப்பு முறையேதான் நடக்கிறது, யூரியாவுக்குப் பதில் இலை எரிபொருள். 400 டிகிரிக்கு மேல் போன பிறகு மூலிகைப் பொருள் எரிந்து போயிருக்கும். மிஞ்சுவது கொஞ்சம் கார்பனும் சாம்பலில் இருக்கும் பொட்டாசியம், கால்சியமும். அவை புதுக் குறைபாடுகளை உண்டாக்கி ஒளியை மாற்றலாம், மங்கவும் வைக்கலாம். மாற்றம் தெரிந்தால் அதற்கு இந்த விளக்கம் போதும், மூலிகைச் சக்தியை இழுக்க வேண்டாம்.

சுருக்கமாக, செய்முறை ஒவ்வொரு படியிலும் துகள் அளவையும் குறைபாட்டையும் சேர்த்தே தீர்மானிக்கிறது, நிறம் பெரும்பாலும் குறைபாட்டைக் காட்டுகிறது.

## அப்படியானால் குவாண்டம் எப்போது?

இருக்கிறது, ஆனால் துகள் இன்னும் ரொம்பச் சின்னதாக வேண்டும். இந்த இடத்தில் வீட்டு உவமை உதவாது, ஏனென்றால் வீட்டைச் சுருக்கினால் மாடி உயராது. எலக்ட்ரானுக்கு அலைக் குணம் உண்டு. அலையைக் குறுகிய இடத்துக்குள் அடைத்தால் அதன் அலைநீளம் குறையும், அலைநீளம் குறைந்தால் ஆற்றல் கூடும். அதனால் துகள் சுருங்கச் சுருங்க பேண்ட் கேப் பெரிதாகிறது. இதற்குப் பெயர் குவாண்டம் கன்ஃபைன்மென்ட். இப்படிப்பட்ட துகள்களான குவாண்டம் டாட்களைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்காகத்தான் 2023-ல் பவேண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஜிங்க் ஆக்சைடில் இது தெளிவாகத் தெரிய 7, 8 நானோமீட்டருக்குக் கீழே போக வேண்டும். பொடியின் மேல் எக்ஸ் கதிரை விட்டு அது சிதறுவதை அளக்கும் எக்ஸ்.ஆர்.டி. கிராஃபில் பீக் எவ்வளவு அகலம் என்று பார்த்து ஷெரர் சூத்திரத்தில் போட்டுப் பிள்ளைகள் கணக்கிடும் அளவு பெரும்பாலும் 20, 30, 40 என்று வருகிறது. அந்த அளவில் பேண்ட் கேப் சாதாரணப் பொடியை விட்டு விலகுவதே இல்லை என்று சொல்லலாம். 30 நானோமீட்டர் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் குவாண்டம் எஃபெக்ட் என்று எழுதினால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்.

உண்மையான குவாண்டம் அளவைப் பார்க்க வேண்டுமென்றால் ஃபர்னஸுக்கே போகாமல் ஆல்கஹாலில் செய்த கரைசலைப் பாருங்கள். புதிதாகச் செய்ததும் தெளிவாக இருக்கும், 365-ல் பளிச்சென்று ஒளிரும். வைத்திருக்க வைத்திருக்கத் துகள் மெல்ல வளர்ந்து நிறம் மஞ்சள் பக்கம் நகரும், ஃபிரிட்ஜில் வைத்தால் அந்த நகர்வு மெதுவாகும். அந்த ஒளியும் குறைபாடு வழியாக வருவதுதான், அளவு அதைக் கொஞ்சம் நகர்த்துகிறது.

## வேண்டுமென்றே சேர்க்கும் அயனி

மூன்றாவது காரணம், வேறொரு அயனியைத் திட்டமிட்டுத் துளியளவு சேர்ப்பது, டோப்பிங். இட்ரியம் ஆக்சைடில் யூரோப்பியம் சேர்த்தால் 611 நானோமீட்டரில் சுத்தமான சிவப்பு வரும், டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் சிவப்புக்கு இதைத்தான் பூசினார்கள். யூரோப்பியத்தின் உள் எலக்ட்ரான்கள் வெளி அடுக்குகளால் மறைக்கப்பட்டிருப்பதால், துகள் பெரிதோ சிறிதோ அந்தச் சிவப்பு கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். உள்ளே பார்க்கலாம் என்று சி.எஃப்.எல்.-ஐ மட்டும் உடைக்காதீர்கள், பாதரசம் இருக்கிறது.

அதற்குப் பதில் மீன் கடையில் தொங்கும் எல்.இ.டி. பல்பு ஒன்று பழுதானால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சின்னச் சின்ன மஞ்சள் சதுரங்கள் இருக்கும். அந்த மஞ்சள், சீரியம் சேர்த்த இட்ரியம் அலுமினியம் ஆக்சைடு. கீழே இருக்கும் சிப் நீல ஒளி விடுகிறது, மஞ்சள் பூச்சு அதில் ஒரு பங்கை வாங்கி மஞ்சளாகத் திருப்புகிறது, இரண்டும் சேர்ந்தால் வெள்ளை. அந்தப் பூச்சில் இருக்கும் துகள் மைக்ரான் அளவு, அதாவது நானோவைவிட நூறு, ஆயிரம் மடங்கு பெரிது. வீட்டுக்கு வீடு எரியும் மெட்டல் ஆக்சைடு ஒளி நானோ இல்லாமலேதான் எரிகிறது.

எல்லா ஆக்சைடும் இப்படி ஒளிராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 3.2 எலக்ட்ரான் வோல்ட் பேண்ட் கேப், ஜிங்க் ஆக்சைடுக்கு ரொம்பப் பக்கம். ஆனாலும் அதில் எலக்ட்ரான் நேராக இறங்க முடியாத அமைப்பு இருப்பதால் ஒளி மிகவும் மங்கல்.

## ஜிங்க் ஆக்சைடு பல்பு ஏன் வரவில்லை

ஒளி விடும் பொருளாக ஜிங்க் ஆக்சைடின் மேல் இவ்வளவு ஆசை இருப்பதற்குக் காரணம், அதில் எலக்ட்ரானும் துளையும் 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட் பலத்தோடு ஜோடியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அறைச் சூடு தருவது 26 தான், அந்த ஜோடியைச் சுலபத்தில் பிரிக்க முடியாது, ஜோடி பிரியாமல் இருந்தால் ஒளி நன்றாக வரும். எல்.இ.டி. சிப் செய்யும் காலியம் நைட்ரைடில் அந்தப் பலம் 25 பக்கம்தான்.

ஆனால் எல்.இ.டி. ஆக வேண்டுமென்றால் ஒரு பக்கம் எலக்ட்ரான் மிகுந்த பொருளும் மறுபக்கம் துளை மிகுந்த பொருளும் வேண்டும். ஜிங்க் ஆக்சைடு இயல்பாகவே எலக்ட்ரான் மிகுந்தது. துளை மிகுந்த வகையைச் செய்யப் போனால், உள்ளே இருக்கும் குறைபாடுகளும் கலப்புகளும் எலக்ட்ரானை விட்டுத் துளைகளை நிரப்பிவிடுகின்றன. 2005-ல் ஜப்பானிய ஆய்வுக் குழு ஒன்று ஜிங்க் ஆக்சைடு எல்.இ.டி.யை எரிய வைத்துக் காட்டியது, ஆனால் அந்தத் துளை வகையை நம்பகமாக, மலிவாக, நாள்பட நிலைக்கும்படி செய்யும் வழி இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் கடையில் வாங்கும் பல்புக்குள் சிப் காலியம் நைட்ரைடாக இருக்கிறது, ஜிங்க் ஆக்சைடு டயரிலும் லோஷனிலும் சன்ஸ்கிரீனிலும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.